கிசுமுவில் திரும்பி வராத தாய்மார்கள்

கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிறது கிசுமு. 2017, 2018-ஆம் ஆண்டுகளில் அந்தக் கவுன்ட்டியின் (நம் மாவட்டம் மாதிரி) 16 தாய்-சேய் நல மையங்களில் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் ஹெச்.ஐ.வி. தொற்றாமல் காக்கும் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 9,376 பெண்களிடம் பேசினார்கள். 2,030 பேர் மாத்திரையை வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து அடுத்த டப்பாவுக்கு வந்தவர்கள் அதில் 39 சதவீதம் பேர். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் வரவில்லை.

அந்த ஆயிரத்து இருநூறு பேரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மாத்திரை இலவசம். மையமும் அவர்கள் எடை பார்க்கவும் ஊசி போடவும் எப்படியும் வந்து போகிற மையம். பிறகு ஏன் வரவில்லை?

தமிழ்நாட்டில் ஒரு நம்பிக்கை மையத்தில் (ஹெச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடம்) பல வருடம் ஆலோசகராக இருந்தவள் நான். கிசுமுப் பெண்கள் சொன்ன காரணங்களைப் படிக்கப் படிக்க, என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து பேசிய முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. ஊர் வேறு, மொழி வேறு, காரணம் மட்டும் ஒன்றாகவே இருந்தது.

பின்னணி

2018-இல் கென்யா எடுத்த கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் வயதுவந்தவர்களில் 4.9 சதவீதம் பேருக்கு ஹெச்.ஐ.வி. இருந்தது. கிசுமுவில் அது 17.5 சதவீதம். ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர். அங்கே வாயும் வயிறுமாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு முதல் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தால் வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் அந்த முடிவு அன்றைய நாளுக்குத்தான். அவளுக்கு இன்னும் நாலைந்து மாதக் கர்ப்பம் பாக்கி. அதன்பின் ஒன்றரை, இரண்டு வருடம் தாய்ப்பால். அத்தனை காலமும் அவள் அதே வீட்டில், அதே கணவனோடு வாழப் போகிறாள். அவன் பரிசோதனை செய்துகொண்டானா என்பது பல பெண்களுக்குத் தெரியாது.

மாத்திரையின் பெயர் பிரெப். டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த ஒற்றை மாத்திரை. கிருமி உடம்பில் நுழைந்து தன்னைப் பெருக்கிக்கொள்ள ஒரு நொதி வேண்டும். மருந்து முன்கூட்டியே உடம்பில் இருந்தால் அந்த நொதி வேலை செய்யாது. அமெரிக்காவில் 2012-இல் அனுமதி கிடைத்தது. 2015-இல் உலக சுகாதார நிறுவனம் ஆபத்து அதிகம் உள்ள எல்லோருக்கும் இதைப் பரிந்துரைத்தது. கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் கொடுக்கலாம் என்று தனிக்குறிப்பு வந்தது 2017-இல்தான். அதே ஆண்டு மே மாதம் கென்யா தன் தேசிய பிரெப் திட்டத்தைத் தொடங்கியது.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் உண்டு. மருந்தைச் சோதித்த பெரிய ஆய்வுகளில் கர்ப்பிணிகளுக்கு இடமில்லை. கென்யாவிலும் உகாண்டாவிலும் நடந்த பார்ட்னர்ஸ் பிரெப் ஆய்வில் 4,747 தம்பதிகள் சேர்ந்தார்கள். ஒருவருக்குத் தொற்று உண்டு, மற்றவருக்கு இல்லை. இந்தக் கூட்டு மாத்திரை தொற்றை 75 சதவீதம் குறைத்தது. ஆனால் இடையில் ஒரு பெண் உண்டானது தெரிந்த உடனே அவளுக்கு மருந்தை நிறுத்தினார்கள். சிசுவுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்ற அக்கறைதான், தவறென்று சொல்ல மாட்டேன். அதன் விலை, கர்ப்பிணிக்கு இந்த மருந்து எப்படி என்று அடித்துச் சொல்ல யாருக்கும் வருடக்கணக்கில் ஆதாரம் இல்லாமல் போனது. நர்ஸே தயங்கித் தயங்கிக் கொடுக்கும் மாத்திரையை வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் எப்படி நம்பி விழுங்குவாள்?

ஆபத்து கூடும் காலம்

ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள ஆப்பிரிக்கத் தம்பதிகளிடம் நடந்த இரண்டு ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்து 2018-இல் ஒரு கணக்கு வெளியானது. மொத்தம் 2,751 பெண்கள். வயது, ஆணுறை உபயோகம், கணவரின் ரத்தத்தில் கிருமியின் அளவு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு உடலுறவிலும் தொற்று ஏற்படும் வாய்ப்பு, கர்ப்பமில்லாத காலத்தைவிடக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் 2 மடங்கு, பிந்திய மாதங்களில் 3 மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, பிள்ளை பெற்ற பிறகு ஏறக்குறைய 4 மடங்கு.

கடைசி எண்ணை மறுபடி படியுங்கள். பிள்ளை பெற்ற பிறகு.

நம் ஊரில் பச்சை உடம்பு என்கிறோம். காற்று படக் கூடாது, தண்ணீர் படக் கூடாது என்று பொத்திப் பொத்திப் பார்ப்போம். பிரசவத்தில் பட்ட காயம் ஆறாத திசு, ஏறி இறங்கும் ஹார்மோன்கள், பிறப்புறுப்பில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களின் மாற்றம், உடம்பின் எதிர்ப்புச் செல்கள் அங்கே வந்து குவிவது என்று மருத்துவர்கள் காரணம் சொல்கிறார்கள். பாட்டிமார் பச்சை உடம்பு என்று சொன்னது இந்த ஒரு விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து உண்மை.

இதில் பிள்ளையின் கதையும் இருக்கிறது. ஏற்கெனவே தொற்று உள்ள தாய் கூட்டு மருந்து (கிருமியை அடக்கிவைக்கும் சிகிச்சை) சாப்பிட்டு வந்தால் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். கர்ப்பத்திலோ பாலூட்டும்போதோ புதிதாகத் தொற்றினால் நிலைமை வேறு. முதல் சில வாரங்களில் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருக்கும். அவளுக்கு அது தெரியாது, மருந்தும் கிடையாது, பாலும் கொடுத்துக்கொண்டிருப்பாள். 2014-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், இப்படிப் புதிதாகத் தொற்றிய தாய்மாரிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு பழைய தொற்று உள்ளவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம்.

என்ன செய்தார்கள்

திட்டத்தின் பெயர் பிரியா. கேட்டால் நம் வீட்டுப் பெண் பெயர் மாதிரி இருக்கும். ஆங்கில எழுத்துச் சுருக்கம்தான். கென்யாட்டா தேசிய மருத்துவமனையின் மருத்துவர் ஜான் கினுதியாவும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் நடத்தினார்கள். தனிக் கட்டிடம், தனி நாள் என்று எதுவும் வைக்கவில்லை. பயிற்சி பெற்ற நர்ஸ்களைத் தாய்-சேய் நல மையத்துக்குள்ளேயே அமர்த்தினார்கள். எந்தப் பெண்ணையும் ஹெச்.ஐ.வி. வரிசையில் நிற்கவிடாமல், கர்ப்பிணிகளின் வரிசையிலேயே வைத்துப் பேசியது இந்தத் திட்டத்தின் மிக நல்ல அம்சம் என்பேன். விருப்பம் சொன்னவர்களுக்கு அன்றே மாத்திரை.

கணவருக்குத் தொற்று இருப்பது தெரிந்த பெண்களில் 79 சதவீதம் பேர் வாங்கிக்கொண்டார்கள். ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தால் பெண்கள் தயங்குவதில்லை. மாத்திரையைத் தொடர்ந்தவர்களிலும் இவர்களே அதிகம். அப்படியானால் பெண்களுக்கு அக்கறை போதாது என்று சொல்வது சரியில்லை. கணவரின் நிலை தெரியாதவர்களிடம்தான் எல்லாம் சறுக்கியது.

எங்கே சறுக்கியது

முதலில் டப்பா. முப்பது மாத்திரை உள்ள வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. தொற்று உள்ளவர்கள் வாங்கும் டப்பாவும் அதே மாதிரிதான். கைப்பையில் போட்டு நடந்தால் கிலுகிலு என்று சத்தம் கேட்கும். ஆப்பிரிக்காவில் நடந்த எத்தனையோ நேர்காணல்களில் பெண்கள் இந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பேருந்தில் பக்கத்தில் இருப்பவருக்கு அது என்ன சத்தம் என்று தெரிந்துவிடுமாம்.

என்னிடம் வந்த ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள். கணவருக்குத் தொற்று இருந்தது, அவளுக்கு இல்லை. அவருக்கு வாங்கிய மருந்தை வீட்டுக்கு எடுத்துப் போகும் பொறுப்பு அவளுடையது. மையத்து வாசலிலேயே டப்பா மூடியைத் திறந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த பஞ்சை எடுத்து, மாத்திரைகளுக்கு மேல் விரலால் அழுத்தி அடைப்பாள். பிறகு காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள். சத்தம் வராவிட்டால்தான் பைக்குள் போகும். டப்பாமேல் ஒட்டியிருக்கும் தாளை நகத்தால் சுரண்டி, உருட்டி, குப்பைத்தொட்டியில் போடாமல் தன்னோடு எடுத்துப் போவாள். வீட்டில் அது சமையலறைக்குள் மிளகு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும் என்று சொன்னாள். மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் தப்பித்தேன் மேடம் என்றாள்.

கிசுமுவிலோ நோயே இல்லாத ஒரு பெண் தன் கிருமித் தடுப்பு மாத்திரைக்காகவும் இவ்வளவு செய்ய வேண்டியிருக்கிறது. "நோய் இல்லாதவள் ஏன் நோய் மருந்து சாப்பிடுகிறாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி நம்பவைப்பது, நோய் இருக்கிறது என்று ஒத்துக்கொள்வதைவிடக் கடினம்.

அடுத்தது மசக்கை. பிரெப் தொடங்கிய முதல் சில வாரங்களில் சிலருக்குக் குமட்டல், வயிற்றுக் கோளாறு வரும், பிறகு போய்விடும். மற்றவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்கலாம். காலையில் பல் விளக்கும்போதே வாந்தி எடுப்பவளிடம் "கொஞ்ச நாளில் சரியாகிவிடும்" என்றால் எந்த வாந்தி எதனால் வந்தது என்று அவள் எப்படிப் பிரிப்பாள்? இரும்புச்சத்து மாத்திரை, ஃபோலிக் அமிலம் என்று கையில் ஏற்கெனவே ஒரு குவியல் இருக்கும். அதில் எதையாவது குறைக்க வேண்டுமென்றால் பிள்ளைக்கு நல்லது என்று சொன்ன மாத்திரையை எந்தத் தாயும் தொடமாட்டாள். தனக்கென்று உள்ளதைத்தான் ஒதுக்கி வைப்பாள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகும் முன் போட்டுக்கொள்ளச் சொல்வது பலருக்கு உதவும். இந்தச் சின்ன யோசனையை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்துச் சொல்லக் காத்திருந்தால் கேட்க அவள் வந்திருக்க மாட்டாள்.

கர்ப்பிணிக்கு மாத்திரை தவறினால் நஷ்டமும் பெரிது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடுகிறது, சிறுநீரகம் வேகமாக வடிகட்டுகிறது. அதனால் அதே மாத்திரையை அதே ஒழுங்கில் சாப்பிட்டாலும் ரத்தத்தில் மருந்து குறைவாக நிற்கும். மலாவி, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 16 முதல் 24 வயது வரையுள்ள பெண்களிடம் நடந்த ஒரு ஆய்வில், தினமும் கண்முன்னால் மாத்திரையை விழுங்கவைத்துப் பார்த்தார்கள். அப்படியும் கர்ப்பிணிகளுக்கு மருந்தின் அளவு, பிள்ளை பெற்றவர்களுக்கு இருந்ததைவிட 31 முதல் 37 சதவீதம் வரை குறைவாக இருந்தது. தினமும் போட்டுக்கொண்டால் இது போதும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் விட்டால் போதாது. பிறப்புறுப்புத் திசுவில் இந்த மருந்து தங்குவது ஏற்கெனவே குறைவு என்பதால், பெண்களுக்கு "ஒருநாள் விட்டு ஒருநாள்" என்ற சலுகை எப்போதுமே கிடையாது.

மூன்றாவது கணவன். மாத்திரை வேண்டாம் என்ற கிசுமுப் பெண்களில் பலர் "வீட்டில் அவரைக் கேட்க வேண்டும்" என்றார்கள். இதைக் கீழ்ப்படிதல் என்று சுருக்கிப் பார்க்கக் கூடாது. அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் "உன்மேல் எனக்குச் சந்தேகம்" என்றோ "என்மேல் நீ சந்தேகப்படலாம்" என்றோ அர்த்தமாகிவிடும். ஆறு மாதக் கர்ப்பத்தோடு, கையில் வருமானம் இல்லாமல் அந்தச் சண்டையை எந்தப் பெண் ஆரம்பிப்பாள்? அடியில் முடிந்த வீடுகளும் உண்டு. பக்கத்துக் கவுன்ட்டிகளான ஹோமா பேயிலும் சியாயாவிலும் 20 மையங்களில் அடுத்து நடந்த பிரிமா ஆய்வில், கணவர் வீட்டிலேயே பரிசோதித்துக்கொள்ளும் பொட்டலத்தைப் பெண்களிடம் கொடுத்தனுப்பும் வழியும் இருந்தது. எனக்கு அது பிடித்திருக்கிறது. "பிள்ளைக்காக மையத்தில் கொடுத்தார்கள், நீங்களும் பாருங்கள்" என்று சொல்ல அவளுக்கு ஒரு வாய்ப்பு. மாத்திரையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.

வராமல் போனவர்கள் எல்லோரையும் தோல்விக் கணக்கில் எழுதக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். சிலருக்குக் கணவருக்குத் தொற்று இல்லை என்பது உறுதியாகியிருக்கும். சிலர் பிரிந்திருப்பார்கள். சிலரின் கணவர்கள் கூட்டு மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருக்கும். அந்த நிலையில் உடலுறவால் தொற்று பரவாது. பிரெப் என்பது ஆபத்து இருக்கும் காலத்துக்கான மாத்திரை, ஆயுள் முழுக்கச் சாப்பிடுவதல்ல. ஆனால் இந்த வகையில் விட்டவர் யார், பயந்து விட்டவர் யார் என்று மையத்தின் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே வெற்றுக் கட்டம்தான்.

பிள்ளை பெற்ற பிறகு

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ஆபத்து நான்கு மடங்காகும் காலத்தில்தான் மாத்திரை கையைவிட்டுப் போகிறது. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பல்கலைக்கழகக் குழு 2019 முதல் நடத்திய ஆய்வில் முதல் வருகையிலேயே 84 சதவீதக் கர்ப்பிணிகள் மாத்திரையைத் தொடங்கினார்கள். கிசுமுவை ஒப்பிட்டால் மலைக்கவைக்கும் எண். அங்கேயும் பிரசவத்துக்குப் பிறகு தொடர்ந்தவர்கள் குறைந்துபோனார்கள்.

ஏன் என்று பார்க்கப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அன்றைய கென்ய அட்டையில் பிறந்த உடன், 6-ஆம் வாரம், 10-ஆம் வாரம், 14-ஆம் வாரம் என்று ஊசிகள். அதற்கு அடுத்த ஊசி ஒன்பதாம் மாதம் தட்டம்மைக்கு. மூன்றரை மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை, பிள்ளைக்கு உடம்பு நன்றாக இருந்தால், மையத்துக்கு வர அவளுக்குப் பெரிய காரணம் இல்லை. அவளுடைய மாத்திரையோ முதல் மாதம் கழிந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்க வேண்டியது. அந்த அட்டையில் பிள்ளையின் எடைக்குக் கட்டம் இருக்கிறது, ஊசிக்குக் கட்டம் இருக்கிறது. தாயின் ஹெச்.ஐ.வி. தடுப்புக்கென்று வரிசையாக வரும் நாட்கள் அதில் இல்லை. பிரசவம் வரை மாதாமாதம் எடை பார்த்து, ரத்தம் பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர்கள் அதன்பின் பிள்ளையைத் தூக்கி எடை போடுகிறார்கள், அவளை "பால் கொடுக்கிறாயா?" என்று மட்டும் கேட்கிறார்கள். இரவெல்லாம் கண்விழித்தவளுக்கு மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே நினைவிருக்காது. நம் ஊரில் தலைச்சன் பிள்ளைக்குத் தாய்வீடு போய்விட்டால் மருந்து வாங்கும் மையமும் மாறிவிடும். அந்தச் சிக்கலில் தொடர்பு அறுந்துபோனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

"பாலில் கலந்து பிள்ளைக்குப் போகுமே" என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. இதற்குத் தெளிவான பதில் உண்டு. கென்யாவிலும் உகாண்டாவிலும் 50 தாய்-சேய் ஜோடிகளிடம் செய்த ஆய்வு 2016-இல் வெளியானது. தாய் தினமும் பிரெப் சாப்பிட்டாள், பிள்ளை அவள் பாலையே குடித்தது. பாலின் வழியே பிள்ளைக்குப் போன டெனோஃபோவிர், பிள்ளைக்கே மருந்தாகக் கொடுக்கும் அளவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். எம்ட்ரிசிடபின் இருநூறில் ஒரு பங்கு. பரிசோதித்த 49 பிள்ளைகளில் 46 பேரின் ரத்தத்தில் டெனோஃபோவிர் கண்டறியும் அளவுக்குக்கூட இல்லை. ஒவ்வொரு தாயிடமும் இதை அவள் மொழியில், அவசரமில்லாமல் சொல்ல ஒரு ஆள் வேண்டும். வரிசையில் அறுபது பேர் நிற்கும் மையத்தில் அந்த ஆள்தான் முதலில் காணாமல் போகிறார்.

இப்போது

தினசரி மாத்திரைக்கு மாற்று வந்துகொண்டிருக்கிறது. பிறப்புறுப்புக்குள் வைத்து மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் டபிவிரின் வளையம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெகிராவிர் ஊசி இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் இருக்கின்றன. கபோடெகிராவிர் ஊசியைப் பெண்களிடம் சோதித்தபோதும் முதல் கட்டத்தில் கர்ப்பமானவர்களுக்கு ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார்கள். பழைய கதைதான். மாறியது லெனகபவிர் ஆய்வில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் இந்த ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் சோதித்தார்கள். ஊசி பெற்ற 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள். ஆய்வின்போது கர்ப்பமானவர்களை வெளியே அனுப்பவில்லை. சம்மதித்தவர்களுக்கு ஊசி தொடர்ந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட கர்ப்பங்கள் அந்த ஆய்வுக்குள் இருந்தன. அந்தத் தகவல் முதல் நாளிலிருந்தே கையில் இருக்கிறது. 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை வெளியிட்டது. 2025-இல் வந்த அறிவிப்பின்படி 2027 முதல் ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கு 40 டாலர் விலையில் இதன் ஜெனரிக் (வேறு நிறுவனங்கள் மலிவாகத் தயாரிக்கும் அதே மருந்து) 120 நாடுகளுக்குக் கிடைக்கும். அதைத் தயாரிக்கப் போகும் டாக்டர் ரெட்டிஸ், ஹெட்டெரோ இரண்டும் ஹைதராபாத் நிறுவனங்கள்.

அதே 2025-இன் தொடக்கத்தில், இந்த நாடுகளின் ஹெச்.ஐ.வி. திட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்க உதவி திடீரென்று நின்றது. பிப்ரவரியில் சில வேலைகளுக்கு விலக்கு அளித்தபோது, அந்தப் பணத்தில் பிரெப் கொடுக்கலாம், ஆனால் கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் மட்டும் என்றார்கள். பத்து வருடம் வரிசையின் கடைசியில் நின்றவர்களுக்கு வரிசையில் மிச்சமிருந்த ஒரே இடம் கிடைத்தது. அதே நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து பேசும் ஆலோசகர்கள் பல ஊர்களில் வேலையிழந்து வீட்டுக்குப் போனார்கள்.

கையில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஐந்தாம் மாதத்தில் மையத்துக்கு வரும் பெண், பிள்ளைக்கு ஒன்றரை வயது வரை பால் கொடுத்தால் மொத்தம் 22 மாதம். மாத்திரை என்றால் ஏறக்குறைய 660. லெனகபவிர் என்றால் தொடக்கத்தில் இரண்டு நாள் மாத்திரை, மொத்தம் நான்கு ஊசி. கர்ப்பத்தின் இருபதாம் வாரத்தில் முதல் ஊசி போட்டால், அடுத்தது பிள்ளைக்கு ஆறு வாரத் தடுப்பூசி போடும் வாரத்திலேயே வருகிறது. அன்று அவள் எப்படியும் மையத்துக்கு வந்திருப்பாள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு.